துருவோடு மல்லுக்கட்டும் படிப்பு!

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் பஸ் ஏறியதும், பயணிகளின் மொபைல்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடுகின்றன. கீழே கடலுக்குள் ரயில் பாலம். நடுவில் இரண்டு கோபுரங்கள். அவற்றுக்கு இடையில், கப்பலுக்கு வழிவிட அப்படியே மேலே எழும்பும் 72.5 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தூக்குப் பாலம். 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலம் அது. சிவில் இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு அதில் நாலு வருடப் பாடம் இருக்கிறது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கலந்தாய்வு தொடங்கினால், ராமநாதபுரத்து வீடுகளிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேச்சுதான். 'சிவிலா? வெயில்ல நின்னு காயணுமே... வேலை கிடைக்குமா?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் குறைவுதான். ஆனால், அந்தப் படிப்பு இந்தக் கடற்கரைக்கு எதற்கு என்று கேட்டால், பதில் பாம்பனிலேயே இருக்கிறது.

பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் அதன் நடுப்பகுதியைத் திறப்பார்கள். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு வந்த புயல், தனுஷ்கோடியையும் அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் வாரிக்கொண்டு போனது. பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் விழுந்தன. சீரமைக்க ஆறு மாதம் என்று ரயில்வே கணக்குப் போட்டது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பை ஏற்ற 32 வயது இன்ஜினீயர் 46 நாட்களில் முடித்துக் கொடுத்தார். கடலில் கிடந்த கர்டர்களையே மீட்டு மறுபடி பொருத்தியதுதான் அந்த வேகத்துக்குக் காரணம். பிற்பாடு டெல்லி மெட்ரோவால் நாடறிந்த இ.ஸ்ரீதரன்தான் அவர். காக்கிநாடா அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் படித்தவர்.

புயல் எப்போதாவது வரும். உப்புக்காற்று தினமும் வீசும். பாம்பன் பாலத்தின் நிரந்தர எதிரி அதுதான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று உண்டு. கடல் உப்பில் இருக்கும் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெள்ள மெள்ள உள்ளே போய் அந்தப் படலத்தை உடைக்கிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் உள்ளிருந்தே தள்ளி, கான்கிரீட்டைப் பிளந்துவிடுகிறது. கடலோர வீடுகளில் சீலிங் பெயர்ந்து கட்டிலில் விழுவதும் இதே கதைதான்.

இதை ஆராய வெளிநாடு போக வேண்டியதில்லை. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் முகாமில் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து, துரு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளந்திருக்கிறது. புதிய பாலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பெயின்ட்டும் பயன்படுத்தப்பட்டிருப்பதற்குக் காரணம் இந்த உப்புதான். அப்படியும், திறப்பதற்கு முன்பே ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை துருவைப் பற்றிக் கேள்வி எழுப்பியது.

வீடு கட்டுகிறவர்களுக்கும் இதில் சேதி உண்டு. கடலோரத்தில் கம்பிக்கு மேல் கான்கிரீட் கவர் குறைந்தது 45 மில்லிமீட்டர் வேண்டும், கான்கிரீட் எம்-30 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. அலைச்சாரல் படும் இடம் என்றால் 50 மில்லிமீட்டர், எம்-35. கலவைக்கோ கியூரிங்குக்கோ கடல்நீர் கூடாது. உப்புக் கிணற்றுத் தண்ணீரையும் டெஸ்ட் செய்யாமல் தொடக் கூடாது. கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் சொருகி வைக்கும் கொத்தனாரிடம் இதற்காகச் சண்டை போட்டாலும் தப்பில்லை.

படிப்பின் மறுபாதி தண்ணீர். சிவில் பாடத்திட்டத்திலேயே குடிநீர், கழிவுநீர் பாடங்கள் வந்துவிடும். அதை விரிவாகப் படிப்பதே சுற்றுச்சூழல் பொறியியல். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாகிப்போன இந்த மாவட்டம், காவிரியிலிருந்து நெடுந்தூரம் குழாயில் வரும் நீரை நம்பி இருக்கிறது. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் அமைத்தார்கள். நல்ல தண்ணீரைப் பிரித்த பிறகு மிஞ்சும் கடும் உப்புநீரை எங்கே, எவ்வளவு ஆழத்தில் விடுவது? எதிரே இருப்பது 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா. அங்கே பவளப்பாறைகள் இருக்கின்றன. இந்தக் கணக்கை அலுவலகத்தில் உட்கார்ந்தபடி மட்டும் போட முடியாது.

அந்தப் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்த காலம் உண்டு. அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் தீவுகள் கரைந்தன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடி அருகே வான் தீவும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற சென்னை ஐ.ஐ.டி-யின் ஆய்வுத் துணையோடு கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகள் செய்து கடலடியில் இறக்கினார்கள். கரை அரிப்பைத் தணித்த அந்தக் கான்கிரீட்டில் மீன்களும் குடியேறின.

ராமநாதபுரத்தை அடுத்த புல்லங்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. அங்கே சிவில் படிக்கலாம். மேற்படிப்பில் கட்டமைப்பு, சுற்றுச்சூழல், கடலோரப் பொறியியல் என்று பிரிந்து போகலாம். சேர நினைப்பவர்கள் முதலில் ஒருநாள் பாம்பனுக்கு பஸ் ஏறிவிட்டு வரலாம்.

புதிய பாலத்தின் பெயின்ட் 35 ஆண்டுகளாவது தாங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். பாலம் திறந்த ஆண்டில் சிவிலில் சேர்ந்த மாணவிக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.