அரைச்சதமும் அரைப்பேரும்

பதுளைக் கடைத்தெருவில் பழைய செம்பு, பித்தளை வாங்கும் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. உடைந்த குத்துவிளக்கு, ஓட்டைக் குடம், குழாய்த் துண்டு ஆகியவற்றோடு வந்து விழும் பழைய காசுகளைத் தனியே ஒரு தகரப் பேணியில் போட்டு வைப்பார்கள். பேணி நிறைந்ததும் அதுவும் தராசுக்குப் போகும். பிறகு உருக்குக் குகைக்குப் போகும். நான் பாடசாலைப் பிள்ளையாக இருந்த காலத்தில் அப்படியொரு பேணியிலிருந்துதான் என் முதற் காசைப் பொறுக்கினேன். பெருவிரல் நகத்தளவான ஒரு கரிய தகடு. வீட்டுக்குக் கொண்டுவந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தங்கம் போல் பளபளத்தது. ஆண்டும் எழுத்தும் புளியோடு போய்விட்டன. அது எந்தக் காலத்துக் காசு என்று இன்றைக்கும் எவராலும் சொல்ல முடியாது.

நேயர்கள் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணக்கூடும். ஆனால் செம்புக் காசு சேகரிப்பவன் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே. காசின் மேலுள்ள கறுப்பும் பச்சையும் கலந்த படலம் அழுக்கன்று. அது காசின் தோல். மண் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு மெல்லத் துடைக்கலாம். அதற்கு மேல் கைவைக்கக் கூடாது. மாலைகட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வெள்ளிக் காசு இருக்கிறது.

பொன்னும் வெள்ளியும் அரசரைப் பற்றிப் பேசும். செம்போ சந்தையைப் பற்றிப் பேசும். நம்முடைய பேச்சு வழக்கே இதற்குச் சான்று. ஒல்லாந்தரின் 'டொய்ட்' என்ற செப்புக்காசு நம்மவர் வாயில் 'துட்டு' ஆயிற்று. நமது 'காசு' ஆங்கிலேயரிடம் போய் 'காஷ்' ஆயிற்று. நமது 'சல்லி' சிங்களத்துக்குப் போய்ப் பணம் முழுவதற்குமே பெயராகிவிட்டது. 'செல்லாக்காசு' என்றும் 'ஒரு சதத்துக்கும் உதவாதவன்' என்றும் நாம் மனிதரை அளப்பதும் இந்தச் சிறுகாசுகளைக் கொண்டுதான்.

இலங்கையில் மண்ணைக் கிளறினால் செம்புக்காசுக்குக் குறைவில்லை. பிற்கால உரோமப் பேரரசின் சின்னஞ்சிறு செப்புக்காசுகளும், அவை போதாதபோது இங்கேயே வார்க்கப்பட்ட போலிகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பொலன்னறுவைக் காலத்து 'மஸ்ஸ' என்ற காசிலே ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் அருகில் நாகரி எழுத்தில் அரசன் பெயர். உருவங்கள் வெறும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் இளைத்துப் போனவை. பார்த்த மாத்திரத்தில் மனிதன் என்று தெரியாது. அமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றே. வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் இது பராக்கிரமபாகு, இது நிச்சங்கமல்லன், இது மும்முறை அரியணை ஏறிய லீலாவதி என்று பிரிக்க முடியும். இதே அமைப்பு முதலாம் இராஜராஜ சோழனின் காசிலும் உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளோ காளையைப் பொறித்து அதன் கீழே 'சேது' என்று தமிழில் எழுதினார்கள்.

ஊவாவுக்கும் பழைய வணிகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் பதுளைத் தூண் கல்வெட்டை ஒருமுறை பார்த்து வரலாம். 10ஆம் நூற்றாண்டினது. மகியங்கனைக்கு அருகே சொரபொர வாவிப் பக்கம் கண்டெடுக்கப்பட்டுப் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. ஹோபிட்டிகம என்ற சந்தையிலே அதிகாரிகள் வணிகரைத் துன்புறுத்துவது பற்றி எழுந்த முறைப்பாட்டுக்கு அரசன் தந்த ஒழுங்குவிதிகளை அது பேசுகிறது. சந்தை இருந்த இடத்தில் சில்லறை இருந்தே தீரும்.

ஒல்லாந்தர் காலத்துக் காசுகளில் வகை பார்ப்பது சுவையான வேலை. அவர்களுடைய வர்த்தகக் கம்பனியின் மூன்று எழுத்துகளையும் பின்னிய முத்திரை பலவற்றிலும் இருக்கும். அதற்கு மேலே நிற்கும் ஒற்றை எழுத்துத்தான் ஊரைக் காட்டிக்கொடுக்கும்: கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை. ஒரு எழுத்துத் தேய்ந்தால் ஓர் ஊரே தொலைந்தது போலத்தான். ஆங்கிலேயர் வந்த பின் யானை பொறித்த செப்புக்காசுகள் வந்தன. அதன் பிறகு பிரித்தானிய நாணய முறையே இங்கு புகுந்தது. இலங்கைக்கென்றே 1839இலும், 1851 முதல் 1853 வரையிலும் 'கால் பாதிங்' என்ற காசை அடித்தார்கள். ஒரு பவுணுக்கு 3840 காசு! பிரித்தானிய நாணயங்களில் இதைவிடச் சிறிய மதிப்புக் காசு வேறில்லை. மகாராணியின் முகத்தைத் தாங்கிய மிக ஏழைக் காசு நமது நாட்டுக்காகப் பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

அது கோப்பிக் காலம். தோட்டங்கள் பெருகிய வேகத்துக்குச் சில்லறை பெருகவில்லை. ஆகவே கொழும்பில் கோப்பியைப் பதப்படுத்திய ஆலைகள் தாங்களே செப்பு வில்லைகள் அடித்துக்கொண்டன. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் வேகந்தை ஆலைக்கு 1843 என்ற ஆண்டு பொறித்த வில்லை சேகரிப்பவர்களிடையே நன்கு தெரிந்தது. அரசு அடித்த காசு எங்கும் செல்லும். ஆலை அடித்த வில்லை அந்த ஆலையை மதிப்பவரிடம் மட்டுமே செல்லும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு வில்லையை வெறும் அபூர்வப் பொருளாக மட்டும் பார்ப்பவர்கள் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள்.

இனி என் விருப்பத்துக்குரிய காசுக்கு வருகிறேன். 1872 முதல் இலங்கையில் ரூபாவும் சதமும் நடைமுறைக்கு வந்தன. அதற்கான செம்புக் காசுகள் 1870 என்ற ஆண்டைத் தாங்கியவை: காற்சதம், அரைச்சதம், ஒரு சதம், உள்ளங்கையை நிறைக்கும் ஐந்து சதம். ஒரு பக்கம் விக்டோரியா. மறுபக்கம் பனையினத்து மரம் ஒன்று; தென்னை என்பாரும் உண்டு, தாளிப்பனை என்பாரும் உண்டு. அந்த மரத்தை ஒட்டிக் காசின் மதிப்புச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது.

திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து வந்த நம் முன்னோர் அணாவும் பைசாவும் எண்ணிப் பழகியவர்கள். ரூபாய்க்கு 16 அணா. இங்கோ ரூபாவுக்கு 100 சதம். இந்தியா இந்த நூற்றுக் கணக்குக்கு வந்தது 1957இல்தான். ஓர் அணாவைச் சதமாக்கினால் ஆறேகால் வரும். அந்தக் காலைக் கணக்கில் தீர்க்கக் காற்சதம் வேண்டும். ஊர்க்கணக்குக்கும் தோட்டக்கணக்குக்கும் இடையில் நின்ற ஒருவனுக்கு இது சிறிய சங்கதி அல்ல.

அரைச்சதத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வகுக்கப்பட்டது. 1929இல் உயர் மலைநாட்டு வகுப்பில் சேர்ந்த தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் நாட்சம்பளம். உலகப் பொருளாதார மந்தத்தில் இவையும் பிறகு குறைக்கப்பட்டன. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு 'பேர்' என்பார்கள். பிரட்டுக்குப் பிந்தினாலோ மழை அடித்து மலையை விட்டு இறங்கினாலோ அரைப்பேர். 43இல் அரைப்பேர் எவ்வளவு? இருபத்தொன்றரைச் சதம். கணக்கப்பிள்ளையின் செக்றோலில் அந்த அரை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஒரு கொழுந்துக்காரி கவனித்துத்தான் ஆகவேண்டும். காசு சேகரிப்போர் 1937, 1940 ஆண்டுகளின் அரைச்சதத்தைத் தட்டில் வைத்து அழகு பார்க்கும்போது எனக்கு அந்த இருபத்தொன்றரைதான் நினைவுக்கு வருகிறது.

வகை பிரிப்பது எப்படி? முதலில் முகம். விக்டோரியா இடப்புறம் பார்க்கிறார், ஏழாம் எட்வேர்ட் வலப்புறம் பார்க்கிறார், ஐந்தாம் ஜோர்ஜும் ஆறாம் ஜோர்ஜும் மீண்டும் இடப்புறம். அடுத்தது பட்டம். 1877க்குப் பின் இந்தியக் காசுகளில் விக்டோரியா 'பேரரசி' ஆகிவிட்டார். இலங்கைக் காசிலோ கடைசி வரை 'இராணி' மட்டுமே. ஆறாம் ஜோர்ஜின் சதத்தில் 'இந்தியப் பேரரசர்' என்ற சொல் நிற்கிறது. 1951ஆம் ஆண்டுக் காசுகளில் அது போய்விட்டது. இடையில் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. இந்தியப் பேரரசரின் பெயரையும் தமிழ் எழுத்தையும் ஒருசேரத் தாங்கிய சதத்தில் கூலி வாங்கியவர்களிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாயினர்.

மூன்றாவது கனம். 1942 என்று பொறித்த சதம் இரண்டு வகை: ஒன்று பழைய கனத்த செம்பு, மற்றது போர்க்காலச் சிக்கனத்துக்காக அடித்த மெல்லிய வெண்கலம், ஏறக்குறையப் பாதி எடை. இரண்டையும் மேசை மேல் போட்டு ஓசையைக் கேட்டாலே தெரியும். மெல்லிய சதம் 1945 வரை வந்தது. அதன் பின் சதக்காசு வந்தது 1963இல், அலுமினியத்தில். ஊதினால் பறக்கும் காசு.

நூல் வேண்டுவோருக்கு 1924இல் கொட்றிங்டன் எழுதிய இலங்கை நாணயங்கள் பற்றிய ஆங்கில நூல் இன்றும் அடிப்படை. ஆனால் தோட்டப்புறத்துக் காசுக்கு நூலில் இல்லாத ஒன்றை நாமே சேர்க்கவேண்டும். அது கிடைத்த இடம். ஒரு கடித உறையில் காசைப் போட்டு, எந்தத் தோட்டம், எந்த லயம், அடுப்படியிலா, வாசற்படியின் கீழா, எந்த ஆண்டு கிடைத்தது என்று எழுதி வைத்தால் போதும். விலைப்பட்டியலில் பெரிய விலை பெறாத சதம் அந்த இரண்டு வரியால் ஆவணமாகிவிடும். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களை வாய்மொழியிலிருந்து எழுத்துக்குக் கொண்டுவராவிட்டால் அவற்றில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்? காசு பாடலைப் போல் காற்றில் கரையாது என்று நினைக்கிறோம். உருக்குக் குகை அதைவிட வேகமானது. 1964 ஒப்பந்தத்தின் பின் கப்பலேறிய குடும்பங்கள் விற்றுவிட்டுப் போன பாத்திரங்களோடு எத்தனை பேணிக் காசு போயிற்று என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பாட்டியிடம் விக்டோரியாவின் அரைச்சதம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சாமிப் படத்தின் பின்னாலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்தார். அவரின் மாமியார் கதிர்காமத்துக்கு நேர்ந்து மஞ்சள் நீரில் கழுவி முடிந்த காசு. அக்காலத்தில் நடந்து போவதென்றாலும் ஊவாவுக்குள்ளேயே இருக்கும் கோயில்தான். ஆனால் போக வாய்க்கவில்லை. முடிச்சு மருமகளிடம் வந்தது. அவருக்கும் வாய்க்கவில்லை. ஆண்டைப் பார்க்க மட்டும் அவிழ்க்கச் சம்மதித்தார். 1890. எழுத்து ஒன்றும் தேயவில்லை, யாரும் புளி போடவில்லை.

விலை கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே கேட்டார்: "தம்பி, இது இப்ப செல்லுமா?" கோயில் உண்டியலில் செல்லும் பாட்டி என்றேன். சரி என்று மறுபடி முடிந்து வைத்துக்கொண்டார்.