காரை உயர்த்த ஆசையா? கூலியை மட்டும் கணக்குப் போடாதீங்க!

மலைப்பாதையில் அடி தட்டக் கூடாது, பெரிய டயர் மாட்ட வேண்டும்... ஜீப், எஸ்யூவி வைத்திருக்கும் பலருக்கு சஸ்பென்ஷனை உயர்த்தும் ஆசை வருவது இதனால்தான். 'கிட் வாங்கி நாமே மாட்டினால் மெக்கானிக் கூலி மிச்சம்தானே?' என்பது அடுத்த யோசனை.

அதற்கு முன், வண்டியில் இருப்பது என்ன ஸ்பிரிங் என்று பாருங்கள். பழைய ஜீப்பில் உள்ள லீஃப் ஸ்பிரிங் என்றால், உறுதியான ஜாக் ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் அனுபவமுள்ள துணையும் இருந்தால் வீட்டிலேயே முயலலாம். ஷாக் அப்ஸார்பரைச் சுற்றியிருக்கும் காயில் ஸ்பிரிங் அப்படியல்ல. அதை அமுக்கிப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். பிடி நழுவினால் தெறித்து வந்து உயிரையே பறித்துவிடும். இதை ஒர்க்‌ஷாப்பில் விடுவதே நல்லது.

வீட்டில் மாட்டினாலும் செலவு அதோடு முடியாது. வீல் அலைன்மென்ட்டுக்குக் கடைக்குப் போயே ஆக வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். எதிரே வருபவருக்குக் கண் கூசாதபடி ஹெட்லைட்டையும் இறக்க வேண்டும்.

கிட்டுக்குப் பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். தயாரிப்பாளர் தந்த வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்திருக்கிறது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டியது யாராக இருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் வண்டியின் சொந்தக்காரர்தான்!