வத்தலக்குண்டுக்கு எத்தனை எழுத்து?

கொடைக்கானல் பஸ்ஸுக்காக வத்தலக்குண்டில் நிற்பவரிடம் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து என்று கேளுங்கள். விரல்விட்டு எண்ணி எட்டு என்பார். பத்திரிகைக்கே ‘எழுத்து’ என்று பெயர் வைத்த சி.சு. செல்லப்பாவின் ஊராயிற்றே! கணினி மொழிகளிடம் கேட்டால்தான் வம்பு. நீளம் என்ன என்றால் பைத்தானும் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 13 என்கின்றன. கோ மொழியும் ரஸ்ட்டும் 39. ஸ்விஃப்ட் மட்டும் நம்மைப் போல 8.

யாரும் பொய் சொல்லவில்லை. யூனிகோடில் ‘த்’ என்பது தகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியீடு, ‘கு’வும் அப்படியே. கூட்டினால் 13. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். கோவும் ரஸ்ட்டும் பைட்டை எண்ணுகின்றன.

தமிழில் குறுக்கெழுத்து விளையாட்டு எழுதுபவருக்கு 13 உதவாது. ‘இந்தச் சொல்லுக்கு 8 வர வேண்டும்’ என்பதை நிரலாகவே எழுதிவைத்தால் அதுதான் டெஸ்ட். நூறு டெஸ்ட்டுகளைத் தேடிப்பிடித்து ஓட்டி, எது தோற்றது, ஏன் தோற்றது என்று சொல்வது டெஸ்டிங் ஃபிரேம்வொர்க்கின் வேலை.

எதை எடுப்பது? பாதி முடிவை மொழியே எடுத்துவிடுகிறது. கோ மொழியிலும் ரஸ்ட்டிலும் சோதனைக் கருவி மொழியோடு கூடவே வருகிறது. வெளியே தேட வேண்டாம். ஜாவாவுக்கு ஜேயூனிட். 1997இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் அதை எழுதத் தொடங்கினார்கள். பைத்தானின் யூனிட்டெஸ்ட் அந்த வம்சம்தான். அதன் கட்டளைப் பெயர்களில் இன்னும் ஜாவா வாடை அடிக்கும். தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் நூலகத்தின் சோதனைகள் யூனிட்டெஸ்டில் எழுதப்பட்டவை.

பைத்தானில் புதிதாகத் தொடங்குகிறவர் பைடெஸ்ட்டை எடுக்கலாம் என்பேன். ‘அசர்ட்’ என்று ஒரே வரி போதும். தோற்றால் வந்தது 13, வேண்டியது 8 என்று இரண்டையும் காட்டும். பழைய யூனிட்டெஸ்ட் சோதனைகளையும் அதுவே ஓட்டும் என்பதால் எதையும் திருப்பி எழுத வேண்டியதில்லை. ஒரே சோதனைக்குள் பத்து ஊர்ப்பெயரை வரிசையாகக் கொடுக்கலாம். நம் ஊருக்கு இது அவசியம். வத்தலகுண்டு என்று ஒற்றில்லாமலும் எழுதுகிறார்களே. ஜாவாஸ்கிரிப்டில் ஜெஸ்ட், மோக்கா, வைடெஸ்ட் என்று கடை விரிந்து கிடக்கிறது. வைட் கருவியில் கட்டிய திட்டமென்றால் வைடெஸ்ட். இல்லையென்றால், ஏற்கெனவே எது இருக்கிறதோ அது.

எதை எடுத்தாலும் கொடைக்கானலை ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினியோ ‘கொடைக்கானலும் கொடைக்கானலும் ஒன்றல்ல’ என்று தோல்வி காட்டும். விழித்துக்கொண்டு நிற்காமல் இரண்டையும் குறியெண்களாக அச்சிட்டுப் பாருங்கள். பிறகு ஒப்பிடுமுன் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.