ஒரு தோல்வியை யார் எழுதுகிறார்கள்?

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துத் தூண் சிற்பங்கள் விஜயநகர, நாயக்கர் காலத்தவை. இதுமாதிரி இடங்களில் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: முஸ்லிம் ஆட்சியை ஒழித்து விஜயநகரம் கோயில்களை மீட்டது. இந்த வரியின் முன்கதையில் ஒரு தியாகி தேவைப்படுகிறார். அந்த இடத்தில் உட்கார வைக்கப்பட்டவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர பல்லாளர். மதத்துக்காகப் படையெடுத்தார், மதத்துக்காகச் செத்தார் என்பது அவரைப் பற்றிய சொல்லாடல். கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

பல்லாளர் 1292இல் பட்டத்துக்கு வந்தவர். பாண்டிய சகோதரர்கள் சுந்தரனும் வீரனும் அடித்துக்கொண்ட நேரத்தில், கிடைத்ததைச் சுருட்டலாம் என்று தெற்கே படையோடு வந்தார். அந்தச் சமயம் பார்த்து, 1311இல், மாலிக் காபூர் அவருடைய தலைநகரான துவாரசமுத்திரத்துக்கு வந்து சேர்ந்தார். பல்லாளர் ஓடிப்போய்ப் பணிந்தார், கப்பம் கட்டினார். அதோடு நிற்கவில்லை. காபூரின் படைக்குப் பாண்டிய நாட்டுக்கு வழிகாட்டியவர் அவரே என்று இஸாமியின் பாரசீக நூல் சொல்கிறது. எதிரே நின்ற பாண்டியர் படையிலும் முஸ்லிம் வீரர்கள் இருந்தார்கள் என்பதை அமீர் குஸ்ரு குறித்து வைத்திருக்கிறார். இதில் யார் எந்த மதத்துக்காகச் சண்டை போட்டார்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

1335 வாக்கில் மதுரையின் ஆளுநர் ஜலாலுதீன் அஹ்ஸன், டில்லியை உதறிவிட்டுத் தானே சுல்தான் ஆனார். பல்லாளர் அதற்குள் திருவண்ணாமலைக்கு இடம்பெயர்ந்திருந்தார். காவிரிக் கரையை யார் வைத்துக்கொள்வது என்பதே இருவருக்கும் இடையே இருந்த வழக்கு. 1342இல், 80 வயதில், பல்லாளர் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டார். இன்றைய சமயபுரத்தை ஒட்டிய அந்த ஊர் ஒருகாலத்தில் ஹொய்சளரின் தமிழகத் தலைநகர்.

அப்புறம் நடந்ததை இப்னு பதூதா சொல்கிறார். அவர் அஹ்ஸனின் மகளை மணந்தவர்; அப்போதைய சுல்தான் கியாசுதீனுக்குச் சகலை. பல்லாளரிடம் லட்சம் பேர் கொண்ட படை. அது போக 20,000 முஸ்லிம்கள். அவர்களைக் குற்றவாளிகள், ஓடிவந்த அடிமைகள் என்று பதூதா ஏசுகிறார். அந்த ஏச்சில்தான் நமக்குத் தேவையான சேதி இருக்கிறது: சுல்தானின் மதத்துக்காரர்களில் கீழே கிடந்தவர்கள் பல்லாளர் பக்கம் நின்றார்கள்.

கோட்டைக்குள் 14 நாளுக்கான உணவே மிச்சம். கோட்டையை விட்டு வெளியேறினால் உயிருக்கு உத்தரவாதம் என்றார் பல்லாளர். சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். சரி என்று 14 நாள் தவணை கொடுத்தார். அந்தத் தவணைக்குள் மதுரையிலிருந்து படை வந்துவிட்டது. மதிய உறக்க நேரம், குதிரைகள் மேய்ச்சலில். கொள்ளைக்காரர்கள் என்று நினைத்து முகாமில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழவர் குதிரையேறித் தப்பப் பார்த்தார், பிடிபட்டார். செல்வம், யானை, குதிரை எல்லாவற்றையும் கறந்த பிறகு கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். பதூதா அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. மதநல்லிணக்கம் பேசுகிறோம் என்று கியாசுதீனுக்கு வெள்ளையடிப்பதும் பொய்தான். காட்டில் பிடித்த எளிய சனங்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, அவர் கழுமரத்தில் கொன்றார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கைதியும் மனைவியும் 7 வயது மகனும் வெட்டப்பட்டதைப் பார்த்த பதூதா, இந்தக் கொடுமைக்காகவே கடவுள் சுல்தானின் சாவைச் சீக்கிரப்படுத்தினார் என்கிறார். சுல்தானைக் கண்டித்த குரல், அதே மதத்தைச் சேர்ந்த, அதே பந்தியில் உட்கார்ந்த உறவினரின் குரல். பல்லாளரின் தோலைப் பற்றி ஆயிரம் தடவை பேசுகிறவர்கள், பெயரில்லாத இந்தச் சனங்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. ராஜாவின் தோல் வரலாறு ஆகிறது. சனங்களின் உடல் அடிக்குறிப்பு.

தோற்றவரை மதமாகச் சுருக்குவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. ரோமப் பேரரசர் ஜூலியன் (361–363) கிறிஸ்தவராக வளர்க்கப்பட்டு, பழைய தெய்வங்களிடம் திரும்பியவர். 363 மார்ச்சில் அந்தியோக்கியாவிலிருந்து பாரசீகத்தின் மேல் படையெடுத்தார். தலைநகர் டெசிஃபோனின் மதிலடி வரை போயும் அதைப் பிடிக்க முடியவில்லை. தன் கப்பல்களைத் தானே எரித்தார். பாரசீகர்கள் வழியில் பயிரைக் கொளுத்த, பட்டினியோடு பின்வாங்கும்போது, ஜூன் 26இல் ஈட்டி பாய்ந்து செத்தார். உணவும் வழியும் தீர்மானித்த தோல்வி அது. கிறிஸ்தவ மரபு அதைக் கடவுள் கொடுத்த தண்டனையாக எழுதிற்று. ஒரு புனிதரே வந்து கொன்றதாகவும் கதை கிளம்பியது. 'மதத்துரோகி' என்ற பட்டம் அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. ஜூலியனுக்குத் துரோகிப் பட்டம், பல்லாளருக்குத் தியாகிப் பட்டம். வேலை ஒன்றேதான். நேற்றைய அதிகாரச் சண்டையை இன்றைய பகைக்கு எரிபொருள் ஆக்குவது.

திருவண்ணாமலையில் வேறொரு ஞாபகம் இருக்கிறது. அங்கே பல்லாளர் 'வல்லாள மகாராஜா', பிள்ளையில்லாத ராஜா. அண்ணாமலையாரே அவருக்கு மகனாகி, ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார். கல்வெட்டுகளின்படி பல்லாளருக்கு மகன் உண்டு. சனங்களின் கதைக்கு அந்த விவரம் வேண்டியிருக்கவில்லை. அநாதையாகச் செத்த ஒரு கிழவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. அந்தச் சடங்கில் துக்கம் இருக்கிறது. பழிவாங்கச் சொல்லும் குரல் இல்லை.

பதூதாவின் பிரதியையும் மாசி மகத்துத் திதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று கொடுமையை மறைக்காமல் சொல்கிறது, மற்றது அதை வன்மமாக மாற்றாமல் நினைவில் வைத்திருக்கிறது. மதிலில் தொங்கிய அந்தத் தோலைத் திரும்ப எடுத்து வந்து நம் தெருவில் தொங்கவிட வருகிறவர்களிடம் காட்ட, இந்த இரண்டு சான்றுகளும் நம் கையில் இருக்கட்டும்.