"தொழில் அனுபவம்: இல்லை"

சிறுபோக அறுவடை முடிந்திருந்த நாட்களில் ஒருவர் எமது பங்குமனைக்கு வந்தார். வயது நாற்பத்திரண்டு. விதைநெல் உற்பத்தி செய்யும் பண்ணையொன்றுக்கு வெளிக்கள மேற்பார்வையாளர் ஒருவர் தேவையென்று கேள்விப்பட்டு, விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய சுயவிபரக் கோவையை மூத்த மகளைக் கொண்டு எழுதுவித்திருந்தார். "பாதர், இதை ஒருக்காப் பாத்து, ஒரு நற்சான்றிதழும் தாங்கோ" என்றார்.

பிள்ளையின் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், சமயம், தாய் தந்தையர் பெயர், சாதாரண தரப் பெறுபேறு எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றின் கீழே ஒரு வரி: தொழில் அனுபவம் - இல்லை.

"இத்தனை வருடமும் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"வேலை ஒண்டும் செய்யேல்லைப் பாதர். வயல்தான் செய்தனான்."

இந்தப் பதிலை நான் முதன்முறையாகக் கேட்கவில்லை. எமது கமக்காரக் குடும்பங்கள் பலவற்றில் 'வேலை' என்றால் மாதச் சம்பளம். மற்றதெல்லாம் 'சும்மா இருத்தல்' என்ற எண்ணம் ஊறிப்போயுள்ளது. இடம்பெயர்வு அதனை இன்னும் ஆழமாக்கிவிட்டது. காணியை இழந்தவன், காணியில் கற்றதையும் இழந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான்.

அவரை இருத்தி, தேநீர் கொடுத்து, ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டேன். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெற்றோருடன் வெளியேறியபோது அவருக்கு ஏழு வயது. அந்தக் காணி இன்னும் கைக்கு வரவில்லை. வன்னியில் தந்தையார் குத்தகைக்கு வயல் எடுத்தார். மகனும் அதிலேயே வளர்ந்தார். 2008இன் இறுதியில் மீண்டும் இடம்பெயர்வு, பின்னர் செட்டிகுளம் முகாம், அதன்பின் மறுபடியும் இரணைமடுவின் கீழ் குத்தகை வயல். 2021இல் இரசாயன உரத் தடை வந்தது. 2022இல் டீசல் கிடைக்கவில்லை. குத்தகைக் காசைக்கூட எடுக்க முடியாமல் கடனுடன் விலகினார். இப்போது மூன்று பிள்ளைகள் படிக்கின்றனர். சம்பளம் என்ற ஒன்று அந்த வீட்டுக்கு அவசியமாகிவிட்டது.

அவர் வாயால் சொன்னதையே வைத்து, 'இல்லை' என்றிருந்த இடத்தில் நாம் எழுதியது இது:

2002 - 2008: தந்தையாருடன் 4 ஏக்கர் குத்தகை வயலில் காலபோக, சிறுபோக நெற்செய்கை.

2008 - 2010: போர் காரணமாக இடம்பெயர்வு. செட்டிகுளம் நலன்புரி முகாமில் ஏழு மாதங்கள் உலர் உணவுப் பங்கீட்டுத் தொண்டர். 120 குடும்பங்களின் பெயர்ப்பட்டியலைப் பராமரித்தேன்.

2011 - 2022: 6 ஏக்கர் குத்தகை வயலில் சுயமாக நெற்செய்கை. நாற்றுமேடை, களைகட்டல், உரமிடல், அறுவடை ஆகியவற்றில் நான்கு முதல் பத்து வரையான கூலியாட்களை மேற்பார்வை செய்தேன்.

2014 - 2016: கமக்கார அமைப்பின் செயலாளர். 85 அங்கத்தவர். வாய்க்கால் நீர் முறை எழுதுதல், கூட்டக் குறிப்பு, சந்தாக் கணக்கு.

லாண்ட்மாஸ்டரும் நீரிறைக்கும் இயந்திரமும் இயக்குவேன்; சிறு பழுதுகளைத் திருத்துவேன்.

இதில் ஒரு சொல்லும் புனைந்ததல்ல. சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லாக் காணிக்கும் போதாது. எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்து, பங்குப்படி பிரித்து, முறை வைத்து நீர் விட வேண்டும். நடுச்சாமத்தில் மடையை வெட்டி விட்டவனுக்கும் நீர் கிடையாதவனுக்கும் இடையில் நின்று பேசி முடித்த ஒருவர், ஆட்களை நிர்வகிக்கத் தெரியாதவரா? பண்ணை முகாமையாளர் தேடுவது அப்படிப்பட்ட ஆளைத்தான். அவர் தேடுகிறவர் நீங்கள்தான் என்பது தாளில் இல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

இங்கே கவனிக்க வேண்டியது எண்கள். 'விவசாயத்தில் நல்ல அனுபவம்' என்று யாரும் எழுதலாம். எத்தனை ஏக்கர், எத்தனை போகம், எத்தனை ஆட்கள், எத்தனை மாடு, எத்தனை லீற்றர் பால் என்று எழுதுபவன் செய்தவன். எமது தாய்மாருக்கும் இதுவே பொருந்தும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராக இருந்து சுழற்சிக் கடன் கணக்கை வைத்தவர்கள், முகாமில் பொதுச்சமையலில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்தவர்கள், கணவனில்லாமல் கோழி வளர்த்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் 'வீட்டுப்பணி' என்று இரண்டு சொல்லில் தம்மை முடித்துக்கொள்கின்றனர். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்கோ விடுதிச் சமையலறைக்கோ ஆள் தேடுகிறவர் அந்த இரண்டு சொல்லைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வார்?

இனி, இடம்பெயர்ந்த ஆண்டுகள். பலர் அவற்றை மறைக்கப் பார்க்கின்றனர். 2008க்குப் பின் நேரே 2011 என்று எழுதுகின்றனர். வாசிப்பவர் கண் அந்த இடைவெளியில்தான் முதலில் நிற்கும். 'போர் காரணமாக இடம்பெயர்வு' என்று ஒரே வரியில் எழுதுங்கள். கண்ணீர்க் கதை வேண்டாம். அந்தக் காலத்தில் கற்றதோ செய்ததோ இருந்தால் சேருங்கள். புனர்வாழ்வு நிலையத்தில் இருந்த இளைஞர்கள் என்னிடம் இரகசியமாகக் கேட்பதுண்டு. அங்கே பெற்ற தச்சு, மின்னிணைப்பு, தையல் பயிற்சிகளைத் தாராளமாக எழுதலாம். மற்றவற்றை நீங்களாகச் சுயவிபரக் கோவையில் விரிக்க வேண்டியதில்லை. நேரில் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். இது நீதியான நிலைமை என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் அந்த ஒரு பதிலோடு கதவு மூடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் பொய்யின் மேல் கிடைத்த வேலையில் ஒருவன் நிம்மதியாக நித்திரை கொள்வதில்லை.

சான்றிதழ்கள் ஓட்டத்தில் தொலைந்தன என்பது பெரிய கவலை. பரீட்சைப் பெறுபேறுகள் பரீட்சைத் திணைக்களத்தில் பதிவில் உள்ளன. தோற்றிய ஆண்டு, சுட்டெண் முதலியவற்றைக் கொடுத்து உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். சுட்டெண் நினைவில்லையெனில் படித்த பாடசாலையில் முதலில் விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளை உண்டு. படிப்புச் சான்றிதழே இல்லாத மேசன்மாரும் திருத்துநர்களும் கை சோர வேண்டாம். கையில் தொழில் உள்ளவரைச் சோதித்துப் பார்த்துத் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் உண்டு. நைற்றா எனப்படும் பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வகுப்பில் இருந்து படித்திருக்க வேண்டுமென்பதில்லை. செய்து காட்ட வேண்டும்.

நகரத்துக் கடைகளில் காசு கொடுத்து ஆங்கிலத்தில் அடிப்பித்து வருகின்ற சுயவிபரக் கோவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே அச்சில் வார்த்த செங்கல் போல இருக்கும். ஒரு கிராமத்திலிருந்து ஐந்து இளைஞர் கொண்டுவந்தனர். ஐவருக்கும் பொழுதுபோக்கு கிரிக்கெட்டும் வாசிப்பும். என்ன வாசித்தாய் தம்பி என்று கேட்டேன், சிரித்தான். ஆங்கிலத்தில் கேட்கும் நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் தமிழில் நீங்களே எழுதி, அதனை ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவரைக் கொண்டு மாற்றுவித்து, ஒவ்வொரு வரியின் பொருளையும் அறிந்துகொண்ட பின் கையொப்பமிடுங்கள். இரண்டு பக்கம் போதும். அண்மையில் செய்த வேலை மேலே வரட்டும். மேலே காட்டியதை நாம் பழைய ஆண்டிலிருந்து தொடங்கி எழுதினோம். பின்னர் அதைத் தலைகீழாக மாற்றித்தான் அனுப்பினோம். படிவத்தில் கேட்டாலன்றிச் சமயமும் தாய் தந்தையர் விபரமும் வேண்டியதில்லை.

உறவினரல்லாத இருவரின் பெயர் கேட்பார்கள். எல்லோரும் பங்குத்தந்தையின் பெயரைப் போடுகின்றனர். போடுங்கள், மகிழ்ச்சிதான். ஆனால் குருவானவர் எல்லோரையும் நல்லவரென்றே சொல்வார் என்று தொழில் தருநருக்குத் தெரியும். உங்கள் வேலையைக் கண்ணால் கண்ட விவசாயப் போதனாசிரியர், கூட்டுறவுச் சங்க முகாமையாளர், நீங்கள் நெல் கொடுத்த ஆலைக்காரர் ஆகியோரில் ஒருவரேனும் இருக்கட்டும். முன்கூட்டி அவரிடம் அனுமதி கேளுங்கள்.

மூலப்பிரதிகளை எவரிடமும் விட்டுவராதீர்கள். போட்டோக் கொப்பி போதும். வெளிநாட்டு வேலையென்று சுயவிபரக் கோவையோடு கடவுச்சீட்டையும் காசையும் கேட்பவர் வந்தால், அவருடைய அனுமதிப்பத்திர இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்த பிறகே பேசுங்கள்.

எமது நண்பருக்கு அந்த விதைநெல் பண்ணையிலிருந்து பதிலே வரவில்லை. அதே தாளை, மேல்வரிகளை மாற்றி, நெல் ஆலையொன்றுக்கும் தனியார் பழத்தோட்டம் ஒன்றுக்கும் அனுப்பினார். பழத்தோட்டத்தார் அழைத்தனர். அங்கே சொட்டுநீர்ப் பாசனம், அவருக்குப் புதிது. "தெரியாது, ஆனால் வாய்க்கால் தண்ணியைப் பங்கிட்டனான், இதையும் பழகுவன்" என்றாராம். மூன்று மாதப் பரீட்சார்த்த காலத்துக்கு எடுத்திருக்கின்றனர். சம்பளம் போதாது. போய் வருகிறார்.

அந்த அழைப்பும் தவறிப்போகவிருந்தது. தாளில் இருந்தது மகனின் தொலைபேசி இலக்கம். மகன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாய்மாமனின் வயலுக்கு யானைக் காவலுக்குப் போயிருந்தான். மூன்றாவது முறை அடித்தபோதுதான் எடுத்தான். பகலில் வீட்டில் இருக்கும் ஒருவரின் இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள்.