பி.எச்.பி உள்ளமை செயற்கூறுகளின் வகை அறிவிப்புகள்

பி.எச்.பி உள்ளமை செயற்கூறுகளின் வகை அறிவிப்புகள் என்பன, பி.எச்.பி நிரலாக்க மொழியுடன் சேர்ந்தே வரும் செயற்கூறுகள் எவ்வகைத் தரவை ஏற்கும், எவ்வகைத் தரவைத் திருப்பித் தரும் என்பதை மொழியின் இலக்கணத்திலேயே குறித்து வைக்கும் முறையாகும். 2020 நவம்பரில் வெளியான 8.0 பதிப்பில் இது பெருமளவில் நடைமுறைக்கு வந்தது. வேர்ட்பிரெஸ், மீடியாவிக்கி ஆகியன பி.எச்.பியில் எழுதப்பட்டவை. ஆதலால் தமிழ்த் தளங்கள் பலவற்றையும் இம்மாற்றம் தொடுகிறது.

பின்னணி

ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995 இல் வெளியிட்ட இம்மொழியில் தொடக்கத்தில் வகை குறிக்கும் வழக்கம் இல்லை. 2004 இல் வந்த 5.0 பதிப்பு, அளபுருக்களுக்கு வகுப்புப் பெயர்களை வகையாகக் குறிக்க இடமளித்தது. முழு எண், சரம் போன்ற அடிப்படை வகைகளும் திரும்பு மதிப்பின் வகையும் 2015 டிசம்பரில் வெளியான 7.0 இல் சேர்ந்தன.

ஆயினும் இவ்வசதி பயனர் எழுதும் செயற்கூறுகளுக்கே முழுமையாகக் கிட்டியது. உள்ளமை செயற்கூறுகள் சி மொழியில் எழுதப்பட்டவை. அளபுருவின் வகையை அவை தம் உட்புறத்தில் சோதித்துக்கொண்டன. வெளியே தெரிந்தவை பெரும்பாலும் அளபுருக்களின் பெயர்கள் மட்டுமே. விளைவும் இருவேறாக இருந்தது. சரம் கேட்கும் பயனர் செயற்கூறு ஒன்றுக்கு அணியைக் கொடுத்தால் வகைப் பிழை எழுந்து நிரல் நிற்கும். அதே அணியை ஸ்ட்ர்லென் என்னும் உள்ளமை செயற்கூறுக்குக் கொடுத்தால், இயல்பு நிலையில் ஓர் எச்சரிக்கையோடு, மதிப்பின்மையைக் குறிக்கும் 'நல்' திரும்பி வரும். நிரல் அதைச் சுமந்துகொண்டு மேலே ஓடும். தவறு நிகழ்ந்த இடம் ஒன்று, அது வெளிப்படும் இடம் வேறொன்று என்பதே இதிலுள்ள பெருந்தொல்லை.

8.0 பதிப்பின் மாற்றங்கள்

நிக்கிதா போப்போவ் முன்வைத்த திட்டத்தின்படி, 8.0 முதல் உள்ளமை செயற்கூறுகளும் வகைப் பிழையையே எழுப்புகின்றன. இத்துடன், ஒவ்வொரு செயற்கூறின் தலைப்பும் பி.எச்.பி வடிவிலேயே தனிக் கோப்புகளில் எழுதப்பட்டு, அவற்றிலிருந்து சி மொழித் தலைப்புக் கோப்புகள் தானே உருவாக்கப்படலாயின.

இதற்குத் தடையாக இருந்தவை பழைய செயற்கூறுகளின் விந்தையான பழக்கங்களே. ஸ்ட்ர்பாஸ் என்பது தேடும் சொல் இருக்குமிடத்தை முழு எண்ணாகத் தரும். இல்லையேல் 'பொய்' என்னும் மதிப்பைத் தரும். சொல் முதலிலேயே இருந்தால் விடை 0. அதைப் 'பொய்' என்று மயங்கி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். 8.0 இல் ஒன்றிப்பு வகைகள் வந்த பின்னரே "முழு எண் அல்லது பொய்" என்று அறிவிக்க இயன்றது. நிரல் ஆய்வுக் கருவிகள் இதைப் படித்து முன்கூட்டியே எச்சரிக்கின்றன.

8.1 பதிப்பு

வகுப்புகளின் உள்ளமை செயல்முறைகளுக்குத் திரும்பு வகை சேர்ப்பது இதைவிடக் கடினம். அவற்றைப் பயனரின் வகுப்புகள் மேலெழுதியிருக்கும்; திடீரென வகையைக் கட்டாயமாக்கினால் அவை யாவும் உடையும். எனவே மாத்தே கோச்சிஷ் முன்மொழிந்தவாறு, 2021 நவம்பரில் வந்த 8.1 இல் 'தற்காலிகத் திரும்பு வகைகள்' சேர்க்கப்பட்டன. பொருந்தாத வகுப்புக்கு வழக்கொழிவு அறிவிப்பு மட்டுமே வரும். அதை அடக்க ஒரு பண்புக் குறியும் உண்டு. பழைய பதிப்புகள் அக்குறியை வெறும் குறிப்புரையாகக் கருதுவதால் ஒரே நிரல் இரண்டிலும் ஓடும். இது கெட்டிக்கார ஏற்பாடு.

சரம் கேட்கும் உள்ளமை செயற்கூறுக்கு 'நல்' கொடுப்பதும் 8.1 இல் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பழைய தளங்களை மேம்படுத்துவோர் இந்த அறிவிப்பை அடிக்கடி சந்திக்கின்றனர்.

தமிழ்ச் சரங்கள்

வகை அறிவிப்பு மதிப்பின் வடிவத்தைச் சொல்லுமேயன்றி அதன் பொருளைச் சொல்லாது. சென்னையிலுள்ள 'நொச்சிக்குப்பம்' என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ர்லென் அதற்கு 45 என்னும், அது யூ.டி.எஃப்-8 பைட்டுகளின் எண்ணிக்கை. எம்பி_ஸ்ட்ர்லென் 15 ஒருங்குறிப் புள்ளிகள் என்னும். கிராஃபீம்_ஸ்ட்ர்லென் மட்டுமே நாம் எண்ணும் 8 எழுத்துகளைத் தரும். மூன்றும் தருவது முழு எண்ணே. முகவரிப் படிவத்தில் 30 எழுத்து வரம்பை ஸ்ட்ர்லென் கொண்டு சோதித்தால், வகைப் பிழை எதுவுமின்றியே நொச்சிக்குப்பத்தின் பெயர் மறுக்கப்படும்.