வயசான பாமரேனியனும் ஹார்ட் மர்மரும்: சில குறிப்புகள்

வயசான சின்ன நாய்க்கு "ஹார்ட்ல மர்மர் இருக்கு" என்று டாக்டர் சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை நாள் சார்?" நானும் அதைத்தான் கேட்டேன். எங்கள் ஜிம்மி பாமரேனியன், வயது 12, எடை 6 கிலோ. திருச்சி காந்தி மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருக்கிறோம். மர்மர் தெரிய வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை படித்ததையும் பழகியதையும் வைத்து அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிப் பார்க்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, சாஃப்ட்வேர்க்காரன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

முதலில், மர்மர் என்பது வெறும் சத்தம். நல்ல இதயம் ஸ்டெதாஸ்கோப்பில் "லப்-டப்" என்று கேட்கும். நடுவில் "புஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல் சேர்ந்தால், ரத்தம் எங்கோ சுழித்து ஓடுகிறது என்று அர்த்தம். வயதான சின்ன நாய்களில் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இதயத்தின் இடது பக்கத்து மைட்ரல் வால்வு தடித்துப்போய், சரியாக மூடாமல் கசிவது. நாய்களுக்கு வரும் இதய நோய்களில் சுமார் முக்கால்வாசி இதுதான்.

வீட்டில் கிணற்று மோட்டார் வைத்திருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஃபுட் வால்வு சரியா மூடலேன்னா குழாயில் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கிவிடும். இங்கேயும் அதே கதை. இடது கீழறை ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும்போது கொஞ்சம் பின்னால் மேலறைக்கே போய்விடுகிறது. அதை ஈடுகட்ட இதயம் கூடுதலாக உழைக்கும், மெல்ல மெல்லப் பெரிதாகும். கடைசியில் அழுத்தம் நுரையீரல் வரை ஏறி, அங்கே நீர் கோத்துக்கொள்ளும். அதுதான் இதயச் செயலிழப்பு. மர்மர் கேட்பதற்கும் இதற்கும் நடுவில் பல வருஷங்கள் இருக்கலாம். அந்தக் கட்டத்துக்கே போகாத நாய்களும் நிறைய உண்டு.

"6-க்கு 3" என்று சீட்டில் எழுதுவது சத்தத்தின் அளவு. மனிதர்களுக்காக சாமுவேல் லெவின் என்ற அமெரிக்க டாக்டர் 1933-ல் கொண்டுவந்த அளவுகோல் இது. 1 என்றால் உற்றுக் கேட்டால்தான் கேட்கும். 5 என்றால் நெஞ்சில் கை வைத்தாலே அதிர்வு தெரியும். ஆனால் இதயம் எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பதைச் சத்தம் மட்டும் சொல்லாது. அதற்கு எக்ஸ்ரே, முடிந்தால் எக்கோ வேண்டும்.

ஏன் அது முக்கியம்? அமெரிக்கக் கால்நடை இதய நிபுணர்கள் 2009-ல் வெளியிட்டு 2019-ல் திருத்திய வழிகாட்டுதலில் இந்த நோய்க்கு நிலைகள் உண்டு. மர்மர் இருக்கு, இதயம் குறிப்பிட்ட அளவுக்குப் பெரிதாகலை என்றால் பி1. பெரிதாகிவிட்டது, ஆனால் அறிகுறி இல்லை என்றால் பி2. நுரையீரலில் நீர் கோத்தால் சி. வழக்கமான மருந்துக்கு அடங்காவிட்டால் டி. பி1-ல் மருந்து தேவையில்லை, அவ்வப்போது பரிசோதனை போதும். பி2-ல் பிமோபென்டன் தொடங்கச் சொல்கிறார்கள்.

இதற்கு அடிப்படை, 2016-ல் வெளியான எபிக் என்ற ஆய்வு. பி2 நிலையில் இருந்த 360 நாய்கள். பாதிக்கு பிமோபென்டன், மீதிக்கு வெற்று மாத்திரை. இதயச் செயலிழப்போ, இதயத்தால் மரணமோ வரும்வரை ஆன காலத்தின் இடைநிலை அளவு, வெற்று மாத்திரையில் 766 நாள், மருந்தில் 1228 நாள். சுமார் 15 மாதம் கூடுதல். ஒரு நாயின் ஆயுளில் 15 மாதம் சின்ன விஷயம் இல்லை.

ஜிம்மி முதல் வருஷம் பி1. மாத்திரை எதுவும் இல்லாமல் நன்றாகவே ஓடியது. போன வருஷம் பி2. இப்போது தினம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில் மாத்திரை. எக்கோவுக்கு நம் பகுதியிலிருந்து நாமக்கல், ஒரத்தநாடு, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். கிளம்பும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வீட்டு வேலை. எந்தக் கருவியும் இல்லாமல் நாமே எடுக்கக்கூடிய ஒரே நல்ல அளவு, நாய் தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்பது. நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. மேலே போனால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். அப்போதும் குறையலேன்னா அன்றைக்கே டாக்டர். நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்தால் இருமலைவிட முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான். ஜிம்மிக்கு வழக்கமாக 18 முதல் 22. தேதியோடு குறித்து வைக்கிறேன். நம் நாயின் இயல்பு எது என்று தெரிந்தால்தான் மாற்றம் கண்ணில் படும்.

எங்கள் ஏரியாவில் இதுக்கு நேரம் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. ராத்திரி முழுக்கக் காய்கறி லாரி, மூட்டை இறக்கும் சத்தம். மே மாத மதியத்தில் வெயிலுக்கே நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். அது கணக்கில் வராது. முற்பகலில், மார்க்கெட் இரைச்சல் அடங்கிய பிறகு, ஃபேனுக்கு அடியில் அசந்து தூங்கும்போது எண்ணுவேன்.

இன்னும் சில விஷயங்கள். அப்பளம், கருவாடு, ஊறுகாய்ச் சோறு வேண்டாம். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். வெங்காயம் எந்த நாய்க்கும் ஆகாது. சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகை கொண்டுவரும்; ரத்தசோகை வந்தால் கசியும் இதயத்துக்கு இன்னும் பாரம். பெரம்பலூர் சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஊரில் இதில் கவனம் வேண்டும். கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சோடு மாட்டும் பட்டை நல்லது. சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழல் தளர்ந்தும் இருமல் வரும், அதனால் எல்லா இருமலும் இதயம் இல்லை. வீட்டில் தாத்தா போடும் நீர் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். மயங்கி விழுந்தாலோ, ஈறு நீலம் பாரித்தாலோ, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினாலோ, எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

"எத்தனை நாள்" என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. "எந்த நிலை, இன்றைக்கு மூச்சு எத்தனை" என்று கேட்டால் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு செய்யவும் ஏதாவது இருக்கிறது.